இரட்டை ஒன்பது: முதியோரைப் போற்றும் சீனத் திருநாள்

மகாளய அமாவாசை கழிந்து நம் இல்லங்களில் கொலுப்படிகள் எழும் நாட்களில், இமயத்துக்கு அப்பால் சீன தேசத்தில் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. அம்மாதத்தின் ஒன்பதாம் நாள் சீன மக்களுக்கு ஒரு திருநாள். 'சோங்யாங்' என்பது அதன் பெயர். 'இரட்டை ஒன்பது' என்றும் அதனை வழங்குவர்.

சீனர்களின் இலையுதிர்காலப் பண்டிகை என்றதும் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று முழுநிலாவை வணங்கி, 'மூன்கேக்' என்னும் நிலாப் பணியாரம் உண்ணும் விழாவே பலருடைய நினைவுக்கும் வரும். அதற்குச் சுமார் மூன்று வாரங்கள் கழித்து வருகிற சோங்யாங் அத்துணை ஆரவாரம் இல்லாதது. ஆயினும் அகவை முதிர்ந்த நம்மைப் போன்றோர் அவசியம் அறிந்துகொள்ளத்தக்கது. ஏனெனில், இன்று அது முதியோருக்கென்றே உரித்தாக்கப்பட்ட நாள்.

இன்னொரு வியப்பும் உண்டு. நாமும் சீனரும் நிலவின் போக்கைக் கொண்டே திதிகளைக் கணிப்பதால், பெரும்பாலான ஆண்டுகளில் இத்திருநாளும் நம் சரஸ்வதி பூஜையும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன. 2022-இல் அக்டோபர் 4, 2023-இல் அக்டோபர் 23, 2024-இல் அக்டோபர் 11 என மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அவ்வாறே அமைந்தன. இரு மரபிலும் அதிக மாதம் சேர்க்கும் வழக்கம் இருந்தாலும், அதனைச் சேர்க்கும் காலம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2025-இல் சீனர்கள் ஆறாம் மாதத்தை இருமுறை எண்ணியதால், அவர்களுடைய திருநாள் அக்டோபர் 29-க்குத் தள்ளிப்போயிற்று.

ஒன்பதின் பொருள்

உலக இயக்கம் முழுவதையும் 'யின்', 'யாங்' என்னும் இரு ஆற்றல்களின் கூட்டுறவாகக் காண்பது சீன மரபு. குளிர்ச்சியும் நிழலும் ஒடுக்கமும் யின்னின் இயல்புகள். வெம்மையும் ஒளியும் எழுச்சியும் யாங்கின் இயல்புகள். எண்களையும் அவ்வாறே பகுத்தனர். இரட்டைப்படை எண்கள் யின்னைச் சாரும். ஒற்றைப்படை எண்கள் யாங்கைச் சாரும். ஒற்றை இலக்க எண்களுள் மிகப் பெரியது ஒன்பது. மாதமும் ஒன்பது, நாளும் ஒன்பது என யாங் இருமடங்காவதால் 'சோங்யாங்' – அதாவது 'இருமடங்கு யாங்' – என்ற பெயர் அமைந்தது.

உச்சத்தை எட்டிய எதுவும் சரியத் தொடங்கும் என்பது அப்பெரியோர் கண்ட உண்மை. ஆகவே யாங் முழுமை பெறும் இந்நாளை மங்கல நாளாகவும், ஆபத்து நெருங்கும் நாளாகவும் ஒருசேர அவர்கள் கருதினர். வெயில் தணிந்து குளிர் புகுகிற பருவமும் அது. பருவம் மாறுங்கால் நோய் பரவும் என்பதும், முதியோரும் குழந்தைகளுமே அதற்கு முதலில் ஆட்படுவர் என்பதும் எந்நாட்டுக் குடும்பத்தாரும் அறிந்தவையே.

ஒன்பதைக் குறிக்கும் 'ஜியூ' என்ற சீனச் சொல்லும், 'நெடுங்காலம்' என்று பொருள்படும் 'ஜியூ' என்ற சொல்லும் ஒரே ஒலியுடையவை. எனவே இரட்டை ஒன்பது என்பதே 'நீடு வாழ்க' என்னும் வாழ்த்தாகச் செவியில் விழுகிறது. அச்சமும் ஆசியும் இணைந்த இந்த நாளுக்குச் சீன மக்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு.

ஹுவான் ஜிங்கின் கதை

கி.பி. 25 முதல் 220 வரை ஆண்ட கீழை ஹான் மரபினரின் காலத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் கதை இது. ரூனான் என்ற பகுதியில் ஹுவான் ஜிங் என்பவன் வாழ்ந்தான். மந்திரமும் மருத்துவமும் கைவரப்பெற்ற ஃபெய் சாங்ஃபாங் என்ற சித்தரை அவன் குருவாக ஏற்றுப் பல ஆண்டுகள் பயின்றான். ஒருநாள் குரு அவனை அழைத்தார். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளன்று அவன் வீட்டுக்குப் பெருங்கேடு வரவிருப்பதாகவும், அவன் உடனே ஊருக்குத் திரும்பவேண்டும் என்றும் உரைத்தார்.

தப்பும் வழியையும் அவரே அருளினார். சிறு சிவப்புப் பைகள் தைத்து, அவற்றுள் 'ஜூயூ' என்னும் காரநெடி மிக்க செங்கனிகளை இட்டு, ஒவ்வொருவரும் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். குடும்பத்தார் அனைவரும் உயர்ந்த குன்றின்மீது ஏறிவிட வேண்டும். அங்கே சாமந்திப்பூ இட்டு வடித்த மருந்து மதுவைப் பருக வேண்டும். இவ்வளவே அவர் கூறிய பரிகாரம்.

ஹுவான் ஜிங் அவ்வாறே செய்தான். குடும்பத்தார் எல்லோரும் பகற்பொழுதைக் குன்றின்மேல் கழித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பினர். முற்றத்தில் அவர்கள் கண்ட காட்சி நெஞ்சை உறையச் செய்தது. வீட்டில் விட்டுச்சென்ற கோழிகளும் நாய்களும் ஆடுமாடுகளும் மாண்டு கிடந்தன. செய்தியறிந்த குரு, மனிதருக்கு வரவிருந்த கேட்டை அவ்வாயில்லா ஜீவன்கள் ஏற்றுக்கொண்டன என்றார்.

கி.பி. 469 முதல் 520 வரை வாழ்ந்த வூ ஜுன் என்ற புலவரின் தொகுப்பில் இக்கதை இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தார் இதனை விரித்து, ஆற்றில் வாழ்ந்த கொள்ளைநோய் அரக்கனை ஹுவான் ஜிங் வாளேந்தி வீழ்த்தியதாகவும் பாடினர். ஆயினும் பழைய கதையில் வாளும் இல்லை, போரும் இல்லை. அதன் உயிர்நாடி ஒரு சொல்லில் இருக்கிறது. 'குடும்பத்தோடு' என்பதே அச்சொல். முதுமையால் நடை தளர்ந்தவர், பாலுண்ணும் சிசு என எவரையும் 'வீட்டில் இருக்கட்டும்' என்று அவன் விட்டுச்செல்லவில்லை. வீட்டில் விடப்பட்டவை எவையோ, அவை பிழைக்கவில்லை. இத்திருநாளின் பிற்கால வழக்கங்கள் அனைத்தையும் இக்கருத்தை நெஞ்சில் இருத்தியே நோக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

செங்கனியும் சாமந்தியும்

குருவின் பரிகாரத்தில் கண்ட மூன்று செயல்களே இத்திருநாளின் மூன்று ஆசாரங்களாக நிலைபெற்றன. ஜூயூ அணிதல், குன்றேறுதல், சாமந்தி மது அருந்துதல் என்பன அவை. ஜூயூவின் நெடி பூச்சிகளை விரட்டவல்லது. சீன வைத்தியத்தில் குளிர்ச்சி நோய்களுக்கு மருந்தாவது. மகளிர் அதனைக் கூந்தலில் செருகிக்கொள்வதும், ஆடவர் கையில் கட்டிக்கொள்வதும் பழைய வழக்கம்.

சாமந்தியின் பெருமை அதனினும் பெரிது. நம் பூக்கடைகளில் முழம்போட்டு வாங்கி இறைவனுக்குச் சாத்துகிறோமே, அந்தச் சாமந்திக் குடும்பத்தின் பூவே அது. சீனாவில் தொன்றுதொட்டுப் பயிராகி வருவது. ஏனைய மலர்கள் உதிர்ந்து, பனி இறங்கத் தொடங்கிய பின்னரே அது முகம் மலர்கிறது. பனிக்கு அஞ்சாமல் பின்பருவத்தில் பூப்பதால், தளராத முதுமைக்கு அதனைச் சீனப் புலவர்கள் உவமையாக்கினர்.

சாமந்தி மது வடிக்கும் முறையும் சிந்திக்கத்தக்கது. பூ மலரும் வேளையில் தண்டோடும் இலையோடும் பறித்து, தானியத்துடன் கலந்து ஊறவைப்பர். அது பக்குவமாவது அடுத்த ஆண்டின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில்தான். இவ்வாண்டு ஊறவைப்பவர் அடுத்த ஆண்டும் இருப்போம் என்ற நம்பிக்கையோடு ஊறவைக்கிறார். ஹான் அரண்மனையில் பணிபுரிந்த பெண்ணொருத்தி, இம்மதுவை அங்கு நீண்ட ஆயுள் வேண்டிப் பருகினர் என்று வெளியே வந்தபின் கூறியதாகப் பழைய தொகுப்பு ஒன்று குறிப்பிடுகிறது. இக்காலத்தில் மதுவுக்கு மாற்றாக உலர்ந்த சாமந்திப் பூவைக் கொதிநீரில் இட்டுத் தேநீராக அருந்துவோர் மிகப் பலர்.

இப்பூவை முன்னிட்டு நிகழ்ந்த இரு செய்திகள் சுவையானவை. கி.பி. 220-இல் வெய் நாட்டின் முதல் பேரரசனாக முடிசூடியவன் சாவ் பீ. அவன் ஓர் இரட்டை ஒன்பது நாளன்று, தன்னினும் 36 ஆண்டுகள் மூத்தவரும் எழுத்துக்கலையில் மேதையுமான ஜோங் யாவ் என்பவருக்குக் கடிதம் எழுதினான். நெடுங்காலம் வாழும் வழிக்கு உறுதுணையாகட்டும் என்று அக்கடிதத்துடன் ஒரு கொத்துச் சாமந்தியையும் அனுப்பினான். இளையவர் முதியவரை நினைந்து இந்நாளில் மலர் அனுப்பிய பழைய சான்று இது. அந்த முதியவர் கி.பி. 230 வரை வாழ்ந்தார். பூ அனுப்பிய இளையவனோ அவருக்கு முன்பே, 226-இல் மறைந்தான். ஆயுளின் கணக்கு யார் கையில் இருக்கிறது!

மற்றொரு செய்தி கவிஞர் தாவ் யுவான்மிங்கைப் பற்றியது. கி.பி. 405-இல் எண்பது நாட்களுக்குச் சற்று அதிகமாக வகித்த அதிகாரப் பதவியைத் துறந்து, ஊர் திரும்பி உழுதுண்டு வாழ்ந்தவர் அவர். ஓர் ஆண்டு இத்திருநாளன்று அவர் வீட்டில் மது இல்லை. வாங்கப் பணமும் இல்லை. வேலியோரச் சாமந்திகளின் நடுவே கை நிறையப் பூவோடு அமர்ந்திருந்தார். அப்போது வெள்ளாடை அணிந்த ஓர் ஏவலர் தொலைவில் வருவது தெரிந்தது. அப்பகுதி ஆளுநர் வாங் ஹோங் அவருக்காக மது கொடுத்தனுப்பியிருந்தார். பண்டிகை நாளில் தனித்திருப்பவரின் வாசலை எண்ணிப் பார்க்கும் பண்புக்குச் சீன இலக்கியத்தில் இந்நிகழ்ச்சி நிலைத்த எடுத்துக்காட்டாயிற்று.

குன்றில்லாத ஊரில்

தாங் மரபின் பேரரசர் தேசோங் கி.பி. 789-இல் சோங்யாங்கை ஆண்டின் மூன்று முதன்மைத் திருநாட்களுள் ஒன்றாக அறிவித்தார். அரசாங்கத்தாரின் ஆதரவால் குன்றேறும் வழக்கம் நாடெங்கும் தழைத்தது. எனினும் எல்லா ஊரிலும் குன்று இருப்பதில்லை. எல்லாருடைய முழங்கால்களும் குன்றேற இசைவதில்லை. அதற்கும் ஒரு வழி கண்டனர்.

அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் பணியாரத்துக்குச் சீனத்தில் 'காவ்' என்று பெயர். 'உயரம்' என்பதற்கும் அதே ஒலியுடைய சொல்தான். எனவே காவ் உண்டவர் உயரம் ஏறியவர் ஆவார் என முடிவு செய்தனர். நடக்க இயலாத பாட்டியும் இலையின் முன் அமர்ந்தபடியே குன்றேறிவிடலாம். ஆசாரத்தின் பெயரால் எவரையும் விலக்கிவிடாமல், இயலாதவரையும் உள்ளே அணைத்துக்கொள்ளும் இந்தச் சலுகையில் எத்தகைய கருணை இருக்கிறது!

சோங் மரபினரின் தலைநகரான கைஃபெங்கில் இப்பணியாரத்தின்மீது வண்ணக் காகிதக் கொடிகளைக் குத்தி, மாதுளை முத்துக்களும் பைன் பருப்பும் தூவி உறவினருக்கு அனுப்பியதை, கி.பி. 1147-இல் எழுதப்பட்ட ஒரு நினைவு நூல் வருணிக்கிறது. ஒன்பது அடுக்குகளாகக் கோபுரம்போல் அமைத்து, உச்சியில் மாவினால் இரு ஆட்டு உருவங்களை வைப்பதும் உண்டு. 'யாங்' என்பது ஆட்டையும் குறிக்கும் சொல்லாதலால், இரண்டு ஆடுகள் 'இருமடங்கு யாங்' ஆகின்றன. பொழுது புலர்கையில் பணியாரத்தின் ஒரு துண்டைக் குழந்தையின் நெற்றியில் வைத்து, எல்லாக் காரியங்களிலும் உயர்ந்து விளங்குமாறு பெற்றோர் வாழ்த்துவதும் பழைய மரபு.

ஒருவர் குறைந்த குன்று

இத்திருநாளை எண்ணும் சீனர் எவரும் கவிஞர் வாங் வெய்யை எண்ணாதிரார். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் பௌத்த நெறியில் ஆழ்ந்தவர். அவருடைய இயற்பெயரையும் புனைபெயரையும் சேர்த்தால், விமலகீர்த்தி என்னும் வடமொழிப் பெயரின் சீன வடிவம் கிடைக்கும். இல்லறத்தில் இருந்தே ஞானம் பெற்ற பாரத நாட்டுச் சான்றோராகப் பௌத்த நூல் போற்றும் பெருமகன் அவர்.

வாங் வெய் தம் பதினேழாம் அகவையில் வீட்டைப் பிரிந்து, கல்விக்கும் பதவிக்குமாகத் தலைநகரில் தங்கியிருந்தார். அப்போது சோங்யாங் வந்தது. ஊரிலுள்ள சகோதரர்களை நினைந்து அவர் இயற்றிய நான்கடிப் பாடலை இன்றும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். தாம் படும் துயரை விரித்துரைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தொலைவிலுள்ள குன்றின் உச்சிக்கே மனத்தால் சென்றுவிடுகிறார். அங்கே எல்லாரும் ஜூயூ சூடி நிற்கையில் ஓர் ஆள் குறைவதை அவர்கள் உணர்வார்களே என்று எண்ணுகிறார். பிரிந்து சென்ற பிள்ளையின் ஏக்கத்தையும், குன்றின்மேல் நின்று எண்ணிக்கை பார்க்கும் வீட்டாரின் ஏக்கத்தையும் ஒரே பாடலில் அடக்கிவிட்ட சிறுவனின் மேதைமை வியக்கத்தக்கது. பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, பண்டிகை நாளில் இலைகளை எண்ணிப் போடும் பெற்றோருக்கு இப்பாடலின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

முன்னோரும் ஒன்பது நாள் விரதமும்

ஓர் ஆள் குறையும்போது நினைப்பவர்கள், என்றென்றைக்குமாகக் குறைந்துவிட்டவர்களை மறப்பார்களா? ஹாங்காங்கில் இத்திருநாள் பொது விடுமுறை. குன்றுச் சரிவுகளில் அமைந்த முன்னோர் கல்லறைகளுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். களை பறித்து, கல்லைத் துடைத்து, மங்கிய எழுத்துக்களுக்கு மீண்டும் வண்ணம் தீட்டி, ஊதுவத்தி ஏற்றிப் பழங்களைப் படைக்கின்றனர். வசந்தத்தில் 'சிங்மிங்' நாளில் ஒருமுறையும், இலையுதிர்காலத்தில் சோங்யாங் நாளில் மறுமுறையும் இந்த நன்றிக்கடன் செலுத்தப்படுகிறது. சற்று முன்னரே மகாளய தர்ப்பணம் முடித்த நமக்கு இந்த உணர்வு அந்நியமானதன்று.

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் குடியேறிய சீனரிடையே இம்மாதத்தின் முதல் ஒன்பது நாட்களும் விரத நாட்கள். 'ஒன்பது பேரரசத் தெய்வங்கள்' விழா என்று அதற்குப் பெயர். வடவானில் நாம் சப்தரிஷி மண்டலம் என்று வணங்கும் ஏழு நட்சத்திரங்களுடன், கண்ணுக்குப் புலப்படாத இரண்டையும் சேர்த்து ஒன்பது தெய்வங்களாக வழிபடுகின்றனர். அவர்களின் தாயாகிய தேவிக்குத் தௌமூ என்று திருநாமம். பல கரங்களுடன், சூரியனையும் சந்திரனையும் ஏந்தியவளாக அத்தேவியைச் சித்திரிப்பர். அடியார்கள் வெள்ளாடை உடுத்தி, புலால் நீக்கி, ஒன்பதாம் நாள் தெய்வங்களை நீர்நிலைக்கு ஊர்வலமாக அழைத்துச் சென்று வழியனுப்புகின்றனர். கோலாலம்பூரை அடுத்த அம்பாங், பினாங்கு, புக்கெட் ஆகிய இடங்களில் இவ்விழா சிறப்பாக நடைபெறுகிறது.

அதே ஒன்பது இரவுகளில் அந்நாடுகளின் மாரியம்மன் கோயில்களில் நவராத்திரி தீபங்கள் ஒளிர்கின்றன. பாங்காக் நகரின் சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மகாமாரியம்மன் கோயிலின் விஜயதசமி ஊர்வலத்தில், தாய்லாந்து மக்களும் சீன வமிசத்தவரும் திரளாகக் கலந்து அம்பிகையை வணங்குகின்றனர். இரு விழாக்களின் கதைகள் வேறு, மந்திரங்கள் வேறு. வானிலுள்ள பிறை ஒன்றே.

சட்டம் நுழைந்த வீடு

சீன எழுத்துக்களில் 'பெற்றோரைப் பேணுதல்' என்பதைக் குறிக்கும் 'சியாவ்' என்ற எழுத்து அழகானது. மேற்பகுதியில் முதியவர், கீழ்ப்பகுதியில் பிள்ளை. பிள்ளை முதியவரைத் தாங்கி நிற்கும் கோலம் அது. இத்தகைய எழுத்தைப் படைத்த நாட்டில், முதியோர் தனிமை இன்று பெருங்கவலையாக உருவெடுத்துள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கு 60 அகவையும் அதற்கு மேலும் ஆனவர்கள் 26 கோடியே 40 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். ஒரு குழந்தைக் கொள்கையால் ஒற்றைப் பிள்ளையோடு நின்றுவிட்ட பெற்றோர் பலர். அப்பிள்ளையும் வேலை தேடித் தொலைதூர நகரத்துக்குச் சென்றுவிட்டால், வீட்டில் எஞ்சுவோரை 'வெறுங்கூட்டு முதியோர்' என்று அங்கு அழைக்கின்றனர்.

சீன அரசாங்கம் 1989-இல் சோங்யாங்கை முதியோர் நாளாக அறிவித்தது. 2013 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அதனை உறுதிசெய்ததோடு, தனித்து வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி சென்று காணவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டம் உயிர்பெற்ற அன்றே, வூஷி நகர நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 77 வயதுத் தாயை அவருடைய மகள் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும், பண்டிகை விடுமுறைகளில் குறைந்தது இருமுறையும் சென்று காணவேண்டும் என்பது தீர்ப்பு. தைவானிலோ உள்ளாட்சி அமைப்புகள் இத்திருநாளையொட்டி முதியோருக்குப் பண அன்பளிப்பு வழங்குகின்றன.

சட்டத்தின் ஆணையால் மகள் வாசற்படி வரை வந்துவிடக்கூடும். வந்தபின் அன்னையின் கையைப் பற்றிக்கொண்டு எவ்வளவு நேரம் அமர்ந்திருப்பாள் என்பதை எந்த நீதிபதியும் எழுதிக்கொடுக்க இயலாது. அது தெரிந்தும் ஓர் அரசாங்கம் சட்டம் இயற்ற நேர்ந்தது என்றால், அந்த வெறுமை எத்துணை ஆழமானதாக இருக்கவேண்டும்! முதியோரின் பங்கிலும் ஒன்று உண்டு. வருகிற பிள்ளையிடம் குறைகளை அடுக்காமல், சாவ் பீயின் பூங்கொத்தை ஏற்ற ஜோங் யாவ் போல அன்பை அன்பாக ஏற்றுக்கொள்வதும் ஒரு தவமே.

இன்றும் சோங்யாங் நாளன்று பெய்ஜிங்கை அடுத்த நறுமணக் குன்றுகளில், செவ்விலைகளின் நடுவே பேரன் பேத்திகளின் தோளைப் பற்றியபடி முதியோர் படியேறுவதைக் காணலாம். சிலர் உச்சியை எட்டுவர். சிலர் பாதி வழியிலேயே அமர்ந்துவிடுவர். எவ்வளவு உயரம் ஏறினர் என்று அங்கு எவரும் அளப்பதில்லை. ஹுவான் ஜிங்கின் குரு அவனுக்கு உரைத்ததும் உயரத்தின் கணக்கை அன்று. குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவிடாமல் அழைத்துச் செல் என்பதே அவர் அருளிய உபதேசம். நெடிய ஆயுளை இறைவன் அருளட்டும். அந்த ஆயுளில் நம்மை எண்ணிப் பார்க்கும் உறவையும் சேர்த்தே அருளட்டும்.